மாதம் முடியும் முன்பே டேட்டா முடிகிறதா? வீட்டு பிராட்பேண்ட் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். கணினி வேலை பார்ப்பவன் என்ற ஒரே காரணத்துக்காக, நெட் நின்றாலும் சுற்றினாலும் முதலில் தட்டப்படுவது என் வீட்டுக் கதவுதான். இருபதாம் தேதிக்கு மேல் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இணைப்பில் ஒரு கோளாறும் இருப்பதில்லை. மாத வரம்பைத் தாண்டியிருப்பார்கள், அவ்வளவுதான். அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் வீட்டிலேயே நடந்த ஒரு கூத்தும் இதில் உண்டு.

அளவில்லா டேட்டா என்றுதானே சொல்லி விற்றார்கள்? வரம்பு எங்கிருந்து வந்தது?

திட்டத்தின் அடிக்குறிப்பிலிருந்து வந்தது. இந்தியாவில் இதற்கு நியாயப் பயன்பாட்டுக் கொள்கை என்று பெயர், சுருக்கமாக எஃப்யூபி. குறிப்பிட்ட அளவு வரை சொன்ன வேகம், அதற்கு மேல் குறைந்த வேகம். இணைப்பு அறுந்துபோவதில்லை என்பதால் "அளவில்லாதது" என்ற சொல்லை அவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

பழைய நிலைமையோடு ஒப்பிட்டால் இன்றைய வரம்பு தாராளம்தான். 2005இல் பிஎஸ்என்எல்லின் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்த காலத்தை நினைவிருப்பவர்களுக்குத் தெரியும், மாதம் 1 ஜிபி என்பதே ஒரு வீட்டுக்கு முழுப் படி. ஜியோ ஃபைபர் 2019 செப்டம்பரில் வந்தபோதும் தொடக்கத் திட்டத்தில் 100 ஜிபிதான். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அதை அளவில்லாததாக மாற்றினார்கள். அதன் அடிக்குறிப்பில் இருந்த எண் 3,300 ஜிபி. வேறு பல ஃபைபர் திட்டங்களிலும் இதே எண்ணைப் பார்க்கலாம். உங்கள் திட்டத்தின் எண் என்ன என்பதை முதலில் பாருங்கள். அது தெரியாமல் கீழே உள்ள எதைப் படித்தும் பயனில்லை.

3,300 ஜிபி என்றால் எவ்வளவு? எங்கள் வீடு அதைத் தொடுமா?

ஒரு நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில், இரவும் பகலும் ஒரு நிமிடம்கூட நிற்காமல், முப்பது நாளும் குழாயைத் திறந்து வைத்தால் 3,240 ஜிபி வரும். அவ்வளவுதான் அந்த எண். நான்கைந்து பேர் உள்ள சாதாரண வீடு இதைத் தொடுவது அபூர்வம். தொட்டால், வீட்டுக்குள் ஏதோ ஒன்று ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஆனால் எல்லோருக்கும் 3,300 கிடைப்பதில்லை. ஜியோ ஏர்ஃபைபர் போலக் கம்பியில்லாமல் வீட்டுக்கு வரும் இணைப்புகளில் வரம்பு 1,000 ஜிபி. உள்ளூர் கேபிள்காரர்கள் தரும் மலிவுத் திட்டங்களில் சில நூறு ஜிபியோடு நின்றுவிடுவதும் உண்டு. 1,000 ஜிபி என்பது நாளைக்கு 33 ஜிபி. மாமியார் ஒரு டிவியிலும் பிள்ளைகள் இன்னொன்றிலுமாக ஐந்தைந்து மணி நேரம் உயர்தர வீடியோ பார்க்கும் வீட்டில், அது மட்டுமே 30 ஜிபியை நெருங்கிவிடும். என் கதவைத் தட்டுகிறவர்கள் பெரும்பாலும் கம்பியில்லா இணைப்போ மலிவுத் திட்டமோ வைத்திருப்பவர்கள்தான்.

எம்பிபிஎஸ் என்கிறார்கள், ஜிபி என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற வேகம், குழாயின் பருமன்; ஜிபி தொட்டியில் விழுந்த தண்ணீர். ஒன்றிலிருந்து மற்றதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு பெருக்கல் போதும். எம்பிபிஎஸ் எண்ணை 0.45 ஆல் பெருக்கினால், அந்த வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜிபி செலவாகும் என்பது கிடைக்கும். 2 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடும் ஒரு கேமரா மணிக்கு 0.9 ஜிபி. அதுவே நாள் முழுவதும் ஓடினால் மாதம் 648 ஜிபி. இந்தக் கேமராவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

எதற்கு எவ்வளவு செலவாகிறது?

நெட்ஃபிளிக்ஸ் தன் உதவிப் பக்கத்திலேயே கணக்குக் கொடுக்கிறது: எச்டி என்றால் மணிக்கு 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை. யூடியூபில் முழு எச்டி வீடியோவுக்கு மணிக்கு ஒன்றரை முதல் மூன்று ஜிபி என்று வைத்துக்கொள்ளலாம். அலுவலக வீடியோ கூட்டத்துக்கு, போவதும் வருவதும் சேர்த்து, மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை ஜிபி. பாட்டு, சுருக்கப்படாத "லாஸ்லெஸ்" தரத்தை விட்டுவிட்டால், வழக்கமான உயர்தரத்தில் கேட்டாலும் மணிக்கு 150 எம்பியைத் தாண்டாது; "எந்நேரமும் பாட்டுப் போட்டே டேட்டாவைத் தீர்க்கிறாள்" என்று மகளைக் கடிந்துகொள்ளும் அப்பாக்கள் இதைக் கவனிக்க வேண்டும். செய்தி வாசிப்பது, மின்னஞ்சல், வங்கி வேலை எல்லாம் கணக்கில் தூசு.

கேம்களை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். விளையாடும்போது செலவாவது சொற்பம். இறக்குவதுதான் பெருஞ்செலவு. பெரிய கணினி விளையாட்டுகள் பல 100 ஜிபியைத் தாண்டிவிட்டன, அதன் பிறகு வரும் புதுப்பிப்புகளும் பத்து இருபது ஜிபி என்று வந்து நிற்கும். பையன் சனிக்கிழமை காலை ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் கிரிக்கெட் விளையாடப் போயிருப்பான். மாதத்தில் பத்தில் ஒரு பங்கு அன்றே போயிருக்கும்.

எவ்வளவு செலவாகியிருக்கிறது என்பதை எங்கே பார்ப்பது?

நிறுவனத்தின் செயலியில் அல்லது இணையதளத்தில், உங்கள் வாடிக்கையாளர் எண்ணைக் கொடுத்து. கட்டணம், வேகக் குறைப்பு எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்த எண்தான். நீங்கள் வேறு எங்கே அளந்தாலும் அதைச் சரிபார்க்க மட்டுமே உதவும்.

செயலியில் தெரியும் எண் அந்த நொடியின் எண் அல்ல. உங்கள் இணைப்பு எவ்வளவு வாங்கியது, அனுப்பியது என்பதை நிறுவனத்தின் கருவி ஓர் இடைவெளி விட்டுத்தான் கணக்குச் சர்வருக்கு அனுப்பும். அது செயலிக்கு வந்து சேர இன்னும் சிறிது நேரம் ஆகலாம். படம் பார்த்து முடித்த கையோடு போய்ப் பார்த்துவிட்டு "ஏறவே இல்லையே" என்று மகிழ வேண்டாம். மறுநாள் காலை பாருங்கள்.

செயலியில் மொத்தம் மட்டும் வருகிறது. நாள் கணக்கு வேண்டும். மோடத்தில் பார்க்க முடியுமா?

முடியும். நான் நம்புவதும் இதைத்தான். வீட்டுக்குள் எத்தனை போன், எத்தனை டிவி இருந்தாலும் எல்லாம் இந்த ஒரு பெட்டியின் கழுத்து வழியாகத்தான் போய்வர வேண்டும். (ஃபைபர் வீட்டில் இருப்பது மோடம் அல்ல என்று யாராவது திருத்த வருவார்கள். வீட்டில் எல்லோரும் மோடம் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.)

பெட்டியைத் தலைகீழாகத் திருப்பினால் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 192.168.1.1 போன்ற ஒரு முகவரியும், உள்நுழையப் பெயரும் கடவுச்சொல்லும் அச்சிட்டிருக்கும். வைஃபையில் இணைந்திருக்கும் போனிலோ கணினியிலோ பிரௌசரைத் திறந்து அந்த முகவரியை அடித்தால் மோடத்தின் பக்கம் திறக்கும். அதில் "ஸ்டேட்டஸ்" அல்லது "ஸ்டாட்டிஸ்டிக்ஸ்" என்ற பகுதியில் வெளி இணைப்புக்கான வரிசையைத் தேடுங்கள்; டபிள்யூஏஎன் என்று குறித்திருக்கும். அதில் வாங்கிய பைட்டுகள் ஒரு கட்டத்திலும் அனுப்பிய பைட்டுகள் இன்னொன்றிலும் நீளமான எண்களாக நிற்கும். எடுத்துக்காட்டாக 48213907755 என்று இருக்கிறதா? கடைசி ஒன்பது இலக்கங்களைக் கட்டைவிரலால் மறையுங்கள். மிச்சம் 48. அதுதான் ஜிபி.

இதே எண்ணை இரவு படுக்கும் முன் ஒருமுறையும் காலையில் ஒருமுறையும் எழுதிக்கொள்ளுங்கள். மின்வாரியக்காரர் அட்டையில் ரீடிங் எழுதுவது போலத்தான். அவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எழுதுவார், நீங்கள் தினமும். இரண்டையும் கழித்தால் வருவது, வீடு உறங்கியபோது செலவான டேட்டா.

இரண்டு இடறல்கள் உண்டு. மின்சாரம் போய் மோடம் அணைந்து எழுந்தால் பல பெட்டிகளில் இந்த எண் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். மோடத்தைச் சிறிய யுபிஎஸ் ஒன்றில் மாட்டி வைத்தால் இந்தத் தொல்லை குறையும். அடுத்தது கொஞ்சம் வேடிக்கையானது. சில பழைய, மலிவான பெட்டிகளின் எண்ணிக்கை 4,294,967,295 வரைதான் ஏறும், அதாவது சுமார் 4.29 ஜிபி. அதற்கு மேல் ஒரு பைட் வந்தாலும் பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் காட்டி போலச் சுழன்று மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நேற்று 3.9, இன்று 0.6 என்று குறைந்து காட்டினால் அதுதான் காரணம். 32 பிட்டில் எண்ணும் பழைய வழக்கம் அது. இந்தச் சிக்கல் நிறுவனங்களின் பக்கமும் இருந்தது. அவர்களுடைய கணக்குச் சர்வர்கள் பேசும் ரேடியஸ் என்ற முறையில், எண்ணிக்கை எத்தனை முறை சுழன்றது என்று சொல்வதற்கென்றே தனிக் கட்டம் ஒன்றை 2000ஆம் ஆண்டில் சேர்த்தார்கள்.

உங்கள் மோடத்தில் பைட் இல்லாமல் பாக்கெட் (டேட்டாவைத் துண்டு துண்டாகக் கட்டி அனுப்பும் பொட்டலம்) எண்ணிக்கை மட்டும் இருந்தால், ஒரு பொட்டலத்துக்கு அதிகபட்சம் 1,500 பைட் என்று வைத்து, அதை 1,500 ஆல் பெருக்குங்கள். உண்மை அளவு அதற்கு உள்ளேதான் இருக்கும்.

கைவேலையில் ஆர்வம் உள்ளவர்கள் ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் இயங்குதளம் ஓடும் ரவுட்டரை மோடத்துக்குப் பின்னால் வைத்து, அதில் விஎன்ஸ்டாட் நிரலை ஏற்றிக்கொள்ளலாம். நாள், மாதம் என்று அதுவே பிரித்து எழுதி வைக்கும். எந்தக் கருவி எவ்வளவு என்று தனித்தனியே வேண்டுமானால் என்எல்பிடபிள்யூமான் உண்டு.

போனிலும் கணினியிலும் பார்த்துக் கூட்டினால் போதாதா?

கூட்டிப் பாருங்கள், எப்போதும் குறைவாகத்தான் வரும். போன் தன்னை மட்டுமே எண்ணும். டிவி, கேமரா, வந்துபோன விருந்தாளியின் போன் எல்லாம் விட்டுப்போகும்.

இருந்தாலும் ஆளைப் பிடிக்க இவை உதவும். ஆண்ட்ராய்டில் அமைப்புகளில் வைஃபை டேட்டா பயன்பாடு என்ற இடத்தில் எந்தச் செயலி எவ்வளவு என்று தெரியும். விண்டோஸில் நெட்வொர்க் அமைப்புகளுக்குள் "டேட்டா யூசேஜ்" கடந்த முப்பது நாள் கணக்கைச் செயலி வாரியாகக் காட்டும். ஐபோனின் அமைப்புகளில் சிம் டேட்டா கணக்குதான் இருக்கும். வைஃபையில் செலவானதை அங்கே தேடிப் பயனில்லை.

என் கணக்கும் நிறுவனத்தின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. ஏமாற்றுகிறார்களா?

உடனே அப்படிச் சொல்லிவிடாதீர்கள். முதலில் ஜிபி என்பதற்கே இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று நூறு கோடி பைட்டுகள். விண்டோஸ் வழக்கமாக எண்ணுவது 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட்டுகளை ஒரு ஜிபியாக வைத்து. பழைய படிக்கும் லிட்டருக்கும் உள்ள குழப்பம் போன்றதுதான் இது. நிறுவனம் 1,000 என்று சொல்வதை உங்கள் கணினி 931 என்று சொல்லும். யாரும் பொய் சொல்லவில்லை.

அடுத்தது உறை. ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் முகவரி எழுதிய தலைப்பு உண்டு. அதையும் சேர்த்தே நிறுவனம் எடை போடும், கடைக்காரர் காகிதப் பையோடு நிறுப்பது போல. இதனால் மூன்று சதவீத அளவுக்கு வித்தியாசம் வரலாம். வழியில் தொலைந்து மறுபடி அனுப்பப்பட்ட பாக்கெட்டுகளும் கணக்கில் சேரும்.

மூன்றாவது தேதி. நீங்கள் ஒன்றாம் தேதியிலிருந்து எண்ணுகிறீர்கள். உங்கள் திட்டம் ரீசார்ஜ் செய்த பதினேழாம் தேதியிலிருந்து எண்ணுகிறது. இந்தச் சண்டையை மட்டும் நான் நான்கு வீடுகளில் தீர்த்து வைத்திருக்கிறேன்.

இவை எல்லாவற்றையும் கழித்த பிறகும் பத்து சதவீதத்துக்கு மேல் இடித்தால் கேள்வி கேட்கலாம். கேட்கும்போது மோடத்தின் எண்கள் தேதியோடு கையில் இருக்க வேண்டும்.

அப்லோடும் கணக்கில் சேருமா?

பெரும்பாலான திட்டங்களில் சேரும்.

நாங்கள் ஊரிலேயே இல்லை. அப்போதும் டேட்டா குறைந்திருக்கிறதே?

இந்தக் கேள்விக்குத்தான் எங்கள் வீட்டுக் கதை.

அப்போது எங்கள் இணைப்பின் வரம்பு 500 ஜிபி. ஆறு மாதம் ஒரு தொல்லையும் இல்லை. ஆடி மாதம் பிறந்ததும் இருபத்திரண்டாம் நாளே நெட் சுற்றத் தொடங்கியது. நான் செய்த முதல் காரியம், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனைக் கூப்பிட்டு யூடியூபைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியது. அடுத்த சுற்றிலும் அதே கதை. இந்த முறை அவன் டிவியின் பக்கமே போகவில்லை. பிறகு வாடிக்கையாளர் சேவையை அழைத்துச் சண்டை போட்டேன். "உங்கள் பயன்பாடு சார்" என்று ஒரே பதிலைப் பொறுமையாக மூன்று முறை சொன்னார்கள். எனக்குப் பொறுமை இல்லை.

காரைக்குடியில் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியிருந்தது. புறப்படும் முன் மோடத்தின் பக்கத்தைத் திறந்து இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டேன். திரும்பி வந்ததும், செருப்பைக் கழற்றும் முன்பே பார்த்தேன் என்று என் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவாள். வாங்கியது 1 ஜிபிகூட இல்லை. அனுப்பியது 26 ஜிபி.

பூட்டிய வீடு யாருக்கு என்ன அனுப்பும்? வாசலில் கேமரா இருந்தது. தெருவில் ஒரு வீட்டில் சைக்கிள் களவு போனதும் எல்லோரும் மாட்டியபோது நாங்களும் மாட்டியது. அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு செய்து கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் உள்ள சேமிப்பிடத்துக்கு, அனுப்பும் வகை. மாட்டியவர் அதை வேப்பமரத்தைப் பார்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார். மற்ற மாதங்களில் ஒரு பூனை, ஒரு தபால்காரர் என்று நாளுக்குப் பத்துப் பதிவு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் டேட்டா பறந்தது. கிளை ஆடுவதையெல்லாம் திருடன் என்று எடுத்துக்கொண்டு, நாளுக்குப் பதினான்கு மணி நேரம் போல அந்தக் கேமரா வேப்பிலையைப் படம் பிடித்து எங்கேயோ அனுப்பிக்கொண்டிருந்தது. 2 எம்பிபிஎஸ், மணிக்கு 0.9 ஜிபி, பதினான்கு மணி நேரம்: நாளுக்குப் பன்னிரண்டரை ஜிபி. கணக்கு அப்படியே பொருந்தியது.

கேமராவின் முகத்தை ஒரு சாண் கீழே திருப்பி, கண்காணிக்கும் பகுதியைக் கதவு வரை மட்டும் குறுக்கினேன். அன்று இரவு மகனுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். மன்னிப்பு என்று வாய் திறந்து சொல்லவில்லை.

ஆக, ஆளில்லாதபோது குறைந்தால் முதலில் அனுப்பிய பைட்டைப் பாருங்கள். அது பெரிதாக இருந்தால் கேமரா, அல்லது ஆயிரக்கணக்கான கல்யாணப் படங்களைக் கிளவுடில் ஏற்றிக்கொண்டிருக்கும் கணினி. விண்டோஸின் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற வசதியில், இணையத்தில் உள்ள பிற கணினிகளுக்கும் பகிரும்படி வைத்திருந்தால், அதுவும் உங்கள் செலவில் புதுப்பிப்புத் துண்டுகளை ஊருக்கு அனுப்பும். வாங்கிய பைட் பெரிதாக இருந்தால் டிவியைச் சந்தேகப்படுங்கள். டிவியின் ரிமோட்டில் டிவியை அணைத்தால் அதன் பின்னால் செருகிய ஸ்ட்ரீமிங் குச்சியும் அணைந்துவிடும் என்பது உறுதியில்லை. இருட்டில் அது நேரலையைத் தொடர்ந்து ஓட்டிக்கொண்டிருக்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் நம் வைஃபையைத் திருடுகிறாரா?

பெரும்பாலும் திருடவில்லை, நீங்களே கொடுத்திருப்பீர்கள். போன பொங்கலுக்கு வந்த மச்சான், ஆன்லைன் தேர்வு எழுதிய எதிர்வீட்டுப் பெண், ஏசி சரிசெய்ய வந்தவர். மோடத்தின் பக்கத்திலேயே இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருக்கும், எண்ணிப் பாருங்கள். இப்போதைய போன்கள் தங்கள் அடையாள எண்ணை மாற்றிக் காட்டுவதால், முன்பின் தெரியாத பெயர் ஒன்று இருந்தவுடன் பதற வேண்டாம். சந்தேகம் தீரவில்லை என்றால் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். மறுநாள் யார் வந்து "நெட் வரவில்லையே" என்று கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

வரம்பு நெருங்கும்போது அவர்களே சொல்ல வேண்டாமா?

வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 அக்டோபரில் பிறப்பித்த உத்தரவில் இது இருக்கிறது: வரம்பில் 50, 90, 100 சதவீதத்தை எட்டும்போது வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் மூலமோ மின்னஞ்சல் மூலமோ தகவல் போக வேண்டும். வரவில்லை என்றால், எந்த எண்ணைப் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். இணைப்பு வாங்கும்போது தாத்தாவின் பட்டன் போன் எண்ணைக் கொடுத்திருப்போம். எச்சரிக்கை எல்லாம் மாதம் தவறாமல் அவருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

தாண்டினால் என்ன ஆகும்? கூடுதல் பணம் பிடிப்பார்களா?

இப்போதைய வீட்டுத் திட்டங்களில் பொதுவாகப் பணம் பிடிப்பதில்லை, வேகத்தைத்தான் குறைப்பார்கள். மின்சாரத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் பில் எகிறுவது போன்ற பயம் இதில் இல்லை. அதே 2016 உத்தரவின்படி, கம்பிவழி பிராட்பேண்டில் குறைத்த வேகமும் 512 கேபிபிஎஸுக்கு (சுமார் அரை எம்பிபிஎஸ்) கீழே போகக் கூடாது. அன்று பிராட்பேண்ட் என்று பெயர் பெறவே அந்த வேகம் போதுமானதாக இருந்தது. 2023 ஜனவரியில்தான் வரையறையை 2 எம்பிபிஎஸ் என்று உயர்த்தினார்கள்.

512 கேபிபிஎஸில் 1 ஜிபி இறங்க நான்கு மணி இருபது நிமிடம் ஆகும். வாட்ஸ்அப் செய்தி போகும், வங்கி வேலை நடக்கும், வீடியோ தடுமாறும். சில கம்பியில்லா வீட்டு இணைப்புகளில் 64 கேபிபிஎஸ் வரை இறக்குகிறார்கள். அதில் அதே 1 ஜிபி இறங்க முப்பத்தைந்து மணி நேரம், கிட்டத்தட்ட ஒன்றரை நாள் ஆகும்.

இரவில் இறக்கினால் கணக்கில் வராது என்கிறார்களே?

அது வேறொரு காலத்தின் செய்தி. டேட்டாஒன் திட்டங்கள் சிலவற்றில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எண்ண மாட்டார்கள். அலாரம் வைத்து எழுந்து, ஒன்றன்பின் ஒன்றாக இறக்கப் போட்டுவிட்டு மறுபடி படுத்த தலைமுறை நாங்கள். எட்டு மணிக்கு ஒரு நிமிடம் முன்பாக ஓடிவந்து இணைப்பைத் துண்டிப்பது தனி வீரம். இன்று உங்கள் திட்டத்தில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய, நள்ளிரவு ஜிபியும் நண்பகல் ஜிபியும் ஒரே விலைதான்.

மிச்சமான டேட்டா அடுத்த மாதத்துக்கு வருமா?

பொதுவாக வராது. சுழற்சி முடியும் கடைசி இரண்டு நாளில் நிறைய மிச்சமிருந்தால், பெரிய இறக்கங்களை அப்போது வைத்துக்கொள்ளலாம்.

வேகம் சரியாக இருக்கிறதா என்று தினமும் ஸ்பீட் டெஸ்ட் போடுகிறேன். அதற்கும் செலவாகுமா?

ஆகும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் பத்து நொடி வாங்கி, பத்து நொடி அனுப்பினால் ஒரு சோதனைக்கு 250 எம்பி. நாளுக்கு நான்கு முறை போட்டால் மாதம் 30 ஜிபி. டேட்டா போதவில்லை என்று புலம்பிய ஒருவர் இதை மணிக்கு ஒருமுறை செய்துகொண்டிருந்தார்.

குறைக்க என்ன செய்யலாம்?

டிவியில் தொடங்குங்கள். 32 அங்குல டிவிக்கு 4கே ஓட்டுவது தம்ளரில் ஊற்ற லாரித் தண்ணீர் வரவழைப்பது போல. நெட்ஃபிளிக்ஸில் கணக்கு அமைப்புக்குள் போய்த் தரத்தை "நடுத்தரம்" என்று வைத்தால் மணிக்கு 0.7 ஜிபியோடு நின்றுவிடும். சிறிய திரையில் வித்தியாசம் கண்டுபிடிப்பவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. யூடியூபில் தானாக அடுத்தது ஓடுவதை நிறுத்திவிடுங்கள். தாத்தா தூங்கியபின் ஓடும் பழைய பாடல் காட்சிகள் அதில் கணிசம்.

விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் வீட்டு வைஃபையை "மீட்டர்டு" (அளவு பார்த்துச் செலவிட வேண்டிய) இணைப்பு என்று குறித்துவிடலாம். பெரிய புதுப்பிப்புகள் தாமே இறங்காமல் காத்திருக்கும். ஐபோனில் 2019 முதல் "லோ டேட்டா மோட்" இருக்கிறது, ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனியாகப் போடலாம். வாட்ஸ்அப் வைஃபையில் இருக்கும்போது வரும் எல்லாப் படங்களையும் வீடியோக்களையும் தானே இறக்கிக்கொள்ளும். குடும்பக் குழுவின் காலை வணக்க வீடியோக்கள் ஆறு போனில் ஆறு முறை இறங்குகின்றன. அமைப்புகளில் அதை நிறுத்தலாம். ஆனால் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். அவற்றுக்காகும் சில ஜிபியைச் செலவு செய்துதான் ஆக வேண்டும்.

கணக்கு தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் புகார் யாரிடம்?

முதலில் நிறுவனத்தின் புகார் மையம். அங்கே தரும் புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். பதில் சரியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். இந்த இரண்டு படிகளை 2012 விதிமுறை வகுத்திருக்கிறது. டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை. அதற்கும் மேல் நுகர்வோர் ஆணையம் உண்டு. தொலைத்தொடர்புப் புகார்களோடு அங்கே போக முடியுமா என்ற பழைய தகராறை, போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. எங்கே போனாலும் கேட்பது ஒன்றைத்தான்: தேதி வாரியான எண்கள். மோடம் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டுகளை, தேதி தெரியும்படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இப்போதும் தினமும் பார்க்கிறீர்களா?

தினமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும். சமையலறைச் சுவரில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த மாத நாட்காட்டி தொங்குகிறது. அதில் பால் கணக்கு என் மனைவியின் கையெழுத்தில் மேலே இருக்கும், அதன் கீழே பென்சிலில் இரண்டு எண்கள்: வந்தது, போனது. போன ஆடியில் இரண்டாவது எண் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி என் மகன்தான் முதலில் நினைவூட்டினான்.